விறகுப் படகில் வந்தவள்

அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தபோது அவளை ஆலப்புழைக்கு அழைத்துப்போனேன். கெட்டுவள்ளத்தில் ஒருநாள் தங்கல். குளிரூட்டிய அறை, வெள்ளை விரிப்பு, மூங்கிலும் ஓலையும் வேய்ந்த கூரை, முன்பக்கத்தில் சாய்வு நாற்காலிகள். மதியம் கரிமீன் பொரித்துக் கொடுத்தார்கள். அம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. படகின் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துச் சொன்னாள்: "உங்காயாவும் இப்டித்தான் படகுல வந்தா. ஆனா மெத்தைக்கு எங்க போறது? சவுக்குக் கட்ட மேலதான் படுக்க."

நான் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள். ஆயா எங்களோடுதான் இருந்தாள். விறகுத்தொட்டியில் தலைச்சுமை தூக்கியவள் என்று தெரியும். கழியில் இறங்கி மட்டி பொறுக்கியவள் என்று தெரியும். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு படகோட்டியின் மகளாகப் பிறந்து, பாதிக் குழந்தைப் பருவத்தைப் படகிலேயே கழித்து, கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்ததும் அதே படகில்தான் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. வரலாறு படித்தவள் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வரலாறு கண்ணில் படவில்லை.

அந்த வள்ளத்தின் கதையையும் சொல்ல வேண்டும். கெட்டுவள்ளம் சுற்றுலாவுக்காகப் பிறந்ததல்ல. குட்டநாட்டின் நெல்லையும் அரிசியையும் கொச்சிக்குச் சுமந்த சரக்குப் படகு அது. ஆஞ்ஞிலிப் பலகைகளை ஆணியில்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிச் செய்வார்கள். பாலங்களும் லாரிகளும் வந்தபின் அதற்கு வேலை போயிற்று. 1990-களில் பழைய வள்ளங்களுக்கு அறையும் கழிப்பறையும் கட்டி விடுதியாக்கினார்கள். அந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தச்சர்களைப் பற்றிச் சொல்வார்கள், தொழில் முனைவோரைப் பற்றிச் சொல்வார்கள். கட்டிய கயிற்றைத் திரித்த ஆலப்புழைப் பெண்களின் கைகளைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

திரும்பி வரும் ரயிலில் ஒரே கேள்வி என்னைக் குடைந்தது. எங்கள் ஊரிலும் நீர்ப்பாதை இருந்தது, சரக்குப் படகு இருந்தது, அதில் பெண்கள் சமைத்துத் தூங்கிப் பிள்ளை வளர்த்தார்கள். அந்தப் படகுகளில் ஒன்றுகூட ஏன் யாருக்கும் வீடாக மிஞ்சவில்லை?

*

மெட்ராஸுக்கு நல்ல ஆறு கிடையாது, நல்ல துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா படகுகள். அவையும் கெட்டுவள்ளம் போல ஆணியில்லாமல் கயிற்றால் தைத்தவைதான். அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்க அந்தத் தையல். துறைமுகம் கட்டும் வேலை 1870-களில்தான் தொடங்கியது.

உள்நாட்டுச் சரக்குக்கு வேறு வழி தேவைப்பட்டது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை, ஏறக்குறைய 11 மைல் தூரத்துக்குக் கால்வாய் வெட்டினார். வெகுகாலம் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றுதான் பெயர். 1837-ல் அரசு அதை எடுத்துக்கொண்டு, பழவேற்காடு ஏரி வழியாக வடக்கேயும், பிறகு தெற்கேயும் நீட்டியது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். கடலுக்கு இணையாக, கடலுக்குள் போகாமல் போகும் உப்புநீர்ச் சாலை அது. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் உப்பளங்களின் உப்பும், ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் அதன்வழி பட்டணம் வந்தன. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரே அங்கே படகுகள் வந்து தங்கிய நீர்த்தொட்டியால் வந்ததுதான். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் ரயில் நிலையமும் கொதிக்கும் வெயிலும்தான் நினைவுக்கு வருகின்றன.

மெட்ராஸின் அடுப்பு எரிந்தது இந்த நீரில் வந்த விறகால். இது சின்ன விஷயமல்ல. காஸ் சிலிண்டர் வருமுன் ஒரு பெருநகரத்தில் தினமும் சோறு பொங்க எத்தனை கட்டை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வெட்டியதில், கட்டியதில், ஏற்றியதில், தொட்டியில் இறக்கி அடுக்கியதில், கடைசியில் ஊதி எரித்ததில் எல்லாம் பெண்கள் இருந்தார்கள்.

*

கால்வாய்க்கு இன்றைய பெயர் வந்த கதை இன்னும் கசப்பானது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வடக்குக் கால்வாயும் தெற்குக் கால்வாயும் அப்போதுதான் நகரத்துக்குள் சேர்ந்தன. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அந்த நிவாரண வேலைக்கு என்ன கூலி? 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் வந்து, செலவு அதிகம் என்று கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஓரணா. பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதிலும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இந்த அளவில் மனிதர் உழைத்து உயிர்வாழ முடியாது என்று வாதாடினார். சில மாதங்களில் அரசு கூலியை உயர்த்த நேர்ந்தது. அதற்குள் எத்தனை பேர் போய்விட்டார்கள்!

ராயபுரம் பக்கத்துப் பெண்களுக்குக் கஞ்சித்தொட்டி என்ற சொல் தெரியும். ஸ்டான்லி மருத்துவமனையை எங்கள் ஆயாக்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு அது. வடசென்னையின் நாக்கில் இரண்டு தொட்டிகள் தங்கிவிட்டன. ஒன்று கஞ்சித்தொட்டி, இன்னொன்று விறகுத்தொட்டி.

அதே 1877-ல் லண்டனில் வேறொன்று நடந்தது. கோல்வில் ஊரைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர், இங்கிலாந்தின் கால்வாய்ப் படகுகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து வாழ்பவர்களைப் பற்றி எழுதிப் பேசியதன் விளைவாக, நாடாளுமன்றம் கால்வாய்ப் படகுச் சட்டத்தை நிறைவேற்றியது. வீடாகப் பயன்படும் ஒவ்வொரு படகையும் பதிவு செய்ய வேண்டும், அதில் எத்தனை பேர் தங்கலாம் என்று வரையறுக்க வேண்டும், சுகாதார அதிகாரி உள்ளே வந்து பார்க்கலாம். அந்தச் சட்டத்துக்கும் குறைகள் உண்டு. படகுப் பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று பார்க்கும் கண் அதன் பின்னால் இருந்தது. என்றாலும் ஒரு படகு வீடாக இருக்க முடியும், அதில் பெண்ணும் பிள்ளையும் வாழ்கிறார்கள் என்பதை அது எழுத்தில் ஒப்புக்கொண்டது.

இங்கே 1890-ல் மெட்ராஸ் மாகாணத்துக்குக் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் வந்தது. படகின் உரிமம், கட்டணம், போக்குவரத்து ஆகியவையே அதன் அக்கறை. படகு சரக்கு ஏற்றும் கலம், அவ்வளவுதான். என் ஆயாவைப் பெற்றவள் அந்தச் சட்டத்தின் கண்ணில் பாரமும் அல்ல, பயணியும் அல்ல.

*

அம்மா வழியாகக் கிடைத்த ஆயாவின் படகை இங்கே எழுதிவைக்கிறேன். இதற்கு வேறு ஆவணம் கிடையாது.

நீளமான, தட்டையான அடியுள்ள மரப்படகு. நடுவில் முழுக்க விறகு. பின்பக்கம் ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு ஓலைக் குடிசை. அதற்குள் அரிசிப்பானை, உப்புப் புளி, ஒரு தகரப்பெட்டி. மண் நிரப்பிய பழைய தகரத்தில் அடுப்பு. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று விழுந்துவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள், இல்லையென்றால் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுப்பார்கள். இழுத்தவர்களில் ஆயாவின் அம்மாவும் ஒருத்தி. "எங்கம்மா தோளுல கவுறு தழும்பு இருந்துது, மாடு கழுத்துல இருக்குமே, அத்த மாரி" என்று ஆயா சொல்வாளாம். நைனா படகோட்டி என்று ஊர் சொன்னது. அம்மாவைப் படகோட்டி என்று யாரும் சொன்னதில்லை.

குடிக்கத் தண்ணீர்தான் பெரும் பாடு. சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய்கூடக் குடிக்க முடியாத உப்புத் தண்ணீர். வழியிலுள்ள ஊர்களில் இறங்கிக் குடம் நிரப்புவது பெண்பிள்ளைகளின் வேலை. எந்த ஊரில் கிணற்றில் இறைக்க விடுவார்கள், எந்த ஊரில் தள்ளி நிற்கச் சொல்லி ஊற்றுவார்கள் என்பது ஏழு வயதில் ஆயாவுக்கு மனப்பாடம். மாதவிலக்கு நாட்களில் என்ன செய்தீர்கள் என்று அம்மா ஒருமுறை கேட்டாளாம். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, இருட்டியதும் தண்ணீரில் இறங்கிவிடுவோம் என்று பதில்.

இதையெல்லாம் கேட்டபின் ஆயா படகை வெறுத்திருப்பாள் என்றே நினைத்தேன். அம்மா தலையை ஆட்டினாள். "வெறுக்கலடி. வூட்ல தூக்கம் வர்லன்னா, படகா இருந்தா தூங்கிருப்பேன்னு சொல்லும்." நிலா இருக்கும் இரவுகளில் படகை நிறுத்தாமல் போவார்களாம். பழவேற்காடு ஏரியில் பூநாரைகள் கூட்டமாக எழும்பினால் வானமே நிறம் மாறுமாம். துடுப்பு பட்ட இடத்தில் இரவில் தண்ணீர் மினுங்குமாம். கரையில் இருக்கும் பெண்ணை மாமியார் அழைப்பாள், பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள். படகில் போகிற பெண்ணை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. போய்க்கொண்டிருப்பதே அவள் வேலை.

கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்தபின் ஆயா ஒருமுறைகூட அந்தப் படகில் ஏறவில்லை. விறகுத்தொட்டிக்கு அந்தப் படகு வரும். அவள் கரையிலிருந்து அவள் நைனாவின் விறகைத் தலையில் ஏற்றிக்கொண்டு போவாள். தண்ணீரிலிருந்து கரைக்கு வந்ததை ஊர் அவளுக்கு உயர்வு என்று சொன்னது. அவளுக்குக் கிடைத்தது ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு வாசல்.

பிறகு லாரிகள் வந்தன. 1960-களின் நடுவில் வீசிய புயல்களும் 1976 புயலும் கால்வாயைச் சிதைத்தன. தூர் வாருவது நின்றுபோனது. விறகு வந்த ஸ்ரீஹரிகோட்டாவை 1969-ல் ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயாவின் நைனா படகை என்ன செய்தார் தெரியுமா? பிரித்து, எங்கள் ஊர் விறகுத்தொட்டிக்கே எடைக்குப் போட்டார். ஆயா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லையாம்.

*

மற்ற ஊர்களில் பழைய சரக்குப் படகுகளுக்கு வேறு கதி கிடைத்திருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வீடு கிடைக்காதவர்கள் ஆம்ஸ்டர்டாமில் பழைய சரக்குப் படகுகளில் குடியேறினார்கள். இன்று அங்கே சுமார் 2,500 படகுவீடுகள், அவற்றுக்கு முகவரியும் உண்டு. இங்கிலாந்தில் போர்க்காலத்தில் கால்வாய்ப் படகோட்ட ஆள் இல்லாதபோது பெண்களைப் பழக்கினார்கள். உள்நாட்டு நீர்வழிகள் என்பதற்கு அவர்கள் அணிந்த ஐ.டபிள்யூ. என்ற வில்லையைக் கேலி செய்து, சோம்பேறிப் பெண்கள் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். நிலக்கரியும் இரும்பும் ஏற்றிய பெண்களுக்கு அந்தப் பட்டம். அவர்களில் ஒருத்தியான சூசன் வுல்ஃபிட் அதே பட்டத்தைத் தலைப்பாக்கி 1947-ல் புத்தகம் எழுதினார். எழுதத் தெரிந்த வர்க்கத்தைச் சேர்ந்ததால் அவர்களின் வரலாறு மிஞ்சியது. தலைமுறை தலைமுறையாக அதே கால்வாயில் படகோட்டிய எழுத்தறியாத பெண்களின் வரலாறு மிஞ்சியது குறைவு.

எனக்குப் பிடித்த படகு பாரிஸில் இருந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் இரும்புத் தட்டுப்பாட்டால் கான்கிரீட்டில் செய்த நிலக்கரிப் படகு அது. ஓவியர் லூயிஸ் கேத்தரின் பிரெஸ்லாவ் 1927-ல் இறந்தபின், அவரோடு வாழ்நாளெல்லாம் துணையாக இருந்த மதலேன் ஸில்ஹார்ட், தோழியின் நினைவாக இந்தப் படகு வீடற்றவர்களின் தங்குமிடமாவதற்குப் பணம் கொடுத்தார். படகுக்குத் தோழியின் பெயர். அறைகளாக மாற்றி வடிவமைத்தவர் லெ கொர்புசியே. கட்டடக்கலை நூல்கள் அதை லெ கொர்புசியேயின் படகு என்கின்றன. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் மேல் வைத்த அன்பால்தான் அது வீடானது. 2018 வெள்ளத்தின்போது மூழ்கி, 2020-ல் மீட்கப்பட்டது.

இந்தக் கதைகளில் எல்லாம் படகைப் புதுப்பிக்க மூன்று தேவைப்பட்டிருக்கின்றன: பணம், ஓய்வு நேரம், கீழே மிதக்க நல்ல தண்ணீர். முதல் இரண்டும் எங்கள் பெண்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. மூன்றாவது இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்கள்.

*

1970-ல் எண்ணூரில் அனல்மின் நிலையம் வந்தது. 1994-ல் கொசஸ்தலையாற்றின் ஓரத்தில் இன்னொன்று. 2001-ல் புதிய துறைமுகம். சாம்பல் குழம்பு கசிந்து ஆற்றுப்படுகையில் படிந்தது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர். நகரத்துக்குள்ளோ, கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். 2008-ல் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ன் பகுதி என்று சட்டம் போட்டு அறிவித்தார்கள். எங்கள் பக்கம் அதில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான் பயணம் செய்கின்றன.

ஆனாலும் பெண்கள் அந்த நீரைவிட்டுப் போகவில்லை. எண்ணூர்க் கழியில் இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் நின்று, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பிடித்ததைப் போடும் பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். படகு இல்லை, வலை இல்லை, கருவி என்றால் அவர்கள் உடம்புதான். இப்போது தென் அமெரிக்காவிலிருந்து வந்த காக்கா ஆழி என்ற சிப்பி அடிமண்ணை மூடிப் படர்ந்து, மட்டியையும் இறாலையும் விரட்டுகிறது. தடவுகிற கையை அதன் ஓடு கிழிக்கிறது.

நாங்கள் ஆலப்புழை போய்வந்தது 2023 நவம்பரில். அடுத்த மாதம் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வந்த வெள்ளத்தில் எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்குக் கறுப்புக் கோடு. படகும் வலையும் தார் பூசியதுபோல் ஆயின. மீனவர்கள் வாளியிலும் குவளையிலும் எண்ணெயை அள்ளினார்கள். எண்ணெய் ஒட்டிய துணியைத் துவைப்பது, பிள்ளையின் காலைத் தேய்ப்பது, மீன் விற்காத நாட்களில் அடுப்பை எரியவைப்பது ஆகியவை எந்த இழப்பீட்டுப் படிவத்திலும் இல்லாத வேலைகள். அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அம்மாவோடு எண்ணூர் ஆற்றங்கரைக்குப் போனேன். ஃபைபர் படகு ஒன்றைக் கரையில் கவிழ்த்துப்போட்டு ஒரு பெண் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையில் உடைந்த தேங்காய் ஓடு, பக்கத்தில் டீசல் நனைத்த துணி. அவள் வீட்டுக்காரர் கூலி வேலைக்குப் போயிருந்தார். பழைய படகைப் புதுப்பிப்பது என்றால் எங்கள் ஊரில் இதுதான்.

"எறா வருதாம்மா?" என்று கேட்டாள் அம்மா.

"எங்கக்கா வருது. வந்தாலும் எவ வாங்குறா? எண்ண நாத்தம்னு சொல்லிட்டுப் போறாங்க. படக இன்னும் ரெண்டு நாள்ல சுத்தம் பண்ணிருவேன். தண்ணில எறங்கத்தான் பயமா கீது. காலெல்லாம் அரிச்சிப் புண்ணாவுது."

அம்மா புடவையைச் செருகிக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்து, அவளும் ஒரு ஓட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அம்மா தன் அம்மாவின் கதையைச் சொன்னாள். விறகு, கயிறு, தகரத்தில் அடுப்பு, நிலா வெளிச்சம். அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதே தண்ணிலயா?"

"இதே தண்ணிலதான். பழவேற்காட்டுலேந்து."

"இப்பவும் படகு போவும்க்கா, அதுக்கென்ன. நாத்தம் போவட்டும். வாங்க, ஒரு நாள் கூட்டினு போறேன்."

"வர்றேன்" என்றாள் அம்மா. அவளுடைய கைபேசி எண்ணை என் கைபேசியில் குறித்துக்கொள்ளச் சொன்னாள். குறித்துவைத்திருக்கிறேன்.